உடையார்குடிக் கல்வெட்டின் முன்னால்

காட்டுமன்னார்கோவில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலுக்கு நேற்றுதான் போனேன். பள்ளியில் படித்த நாள் முதல் ‘பொன்னியின் செல்வன்’ என்னோடு இருக்கிறது. அதில் என்னை அதிகம் வாட்டியவன் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன். வீரபாண்டியன் தலையைக் கொண்டவன், தன் மனத்தை வெல்ல முடியாமல் கடம்பூர் மாளிகையில் மடிகிறான்.

கதையில் அவனைப் பழிவாங்கத் துடிக்கும் நந்தினி கல்கியின் கற்பனை. ஆனால் கொலை கற்பனையல்ல. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று கொலையாளிகளின் பெயர்கள் கோயில் சுவரில் இருக்கின்றன. ‘துரோகிகளான’ என்ற சொல்லும் இருக்கிறது. கரிகாலனின் தம்பி அருள்மொழி, அதாவது ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. துரோகிகளின் சொத்தைப் பறிக்கும் ஆணை அது; அவர்களின் உடன்பிறந்தவர்களின் சொத்தும் தப்பவில்லை.

எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்த வரிகளைக் குனிந்து பார்த்தேன். எழுத்து பிடிபடவில்லை. ‘ர’ போல ஒன்று தெரிந்ததும் நெஞ்சு அடைத்துக்கொண்டது. அண்ணன் கொலையுண்டு பல ஆண்டுகளுக்குப் பிறகு இந்த ஆணையைச் சொன்னபோது அருள்மொழியின் குரல் எப்படி இருந்திருக்கும்? கதையில் அவன் சாந்தமே உருவானவன். கல்லில் வேறொருவன் தெரிகிறான். எனக்கு அந்த இருவருமே வேண்டும்.

திரும்பும் வழியில் வீராணம் ஏரிக் கரையில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன். கதையில் வந்தியத்தேவன் குதிரையில் வந்த கரை. நல்ல காற்று. இருட்டும் வரை அங்கேயே இருந்தேன்.