செங் என்று ஒரு பல்டி

"சித்தி, இதுக்கு ஏன் செங்னு பேரு?" என்று அக்கா மகள் போனை மூக்குக்கு நேரே நீட்டினாள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் வால்ட் செய்த வீடியோ. வால்ட் என்றால் ஓடிவந்து ஒரு மேசையில் கை ஊன்றிப் பல்டியடித்து இறங்குவது. அடுப்பில் புளிக்குழம்பு இருந்ததால் அப்போது சொல்லவில்லை, இப்போது சாவகாசமாக எழுதுகிறேன்.

செங் ஃபெய். சீனாவில் ஹுபேய் மாகாணத்து ஹுவாங்ஷியில் 1988ல் பிறந்தவர். 2005ல் மெல்போர்னில் நடந்த உலகப் போட்டியில் வால்ட் தங்கம் வாங்கினார், அதற்கு முன் எந்தச் சீனப் பெண்ணும் அதை வாங்கியதில்லை. அங்கே அவர் காட்டிய வால்ட்டுக்குத்தான் அவர் பெயரே வைத்துவிட்டார்கள். ஓடிவந்து கையை ஊன்றிப் புரண்டு, ஸ்பிரிங்போர்டில் மேசைக்கு முதுகு காட்டிக் கால் வைத்து, எழும்பும்போதே அரைச் சுற்றுத் திரும்பி மேசையில் கை போட்டு, அங்கிருந்து உடம்பை உலக்கை மாதிரி விறைப்பாக வைத்துக்கொண்டு முன்பக்கமாக ஒரு பல்டி, அந்த ஒரே பல்டிக்குள் ஒன்றரைச் சுற்று. நாம் ஒரு தும்மல் போட்டு முடிப்பதற்குள் எல்லாம் ஆகிவிடும்.

நானும் வால்ட் பண்ணியவள்தான், சிரிக்காதீர்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, உபஜில்லாப் போட்டிக்கு ஆள் வேண்டும் என்று பி.டி. மாஷ் ஒரு மரப்பெட்டியைத் தாண்டச் சொன்னார். தலச்சேரிக்காரர், சர்க்கஸ் கதையாகச் சொல்லுவார். கீழே நார் பிதுங்கிய ஒரு மெத்தை. மூன்றாம் நாள் அதுவும் விலகிப்போய்த் தரையில் விழுந்தேன், இடது மணிக்கட்டு மழைக்காலத்தில் இன்றும் வலிக்கும். அதனால்தானோ என்னவோ, யாராவது வால்ட்டுக்கு ஓடினால் நான் முதலில் கையைத்தான் பார்ப்பேன்.

2006 ஆர்ஹஸ் உலகப் போட்டியில் வால்ட், ஃப்ளோர் (தரையில் செய்யும் பயிற்சி), அணி என்று செங் ஃபெய்க்கு மூன்று தங்கம், 2007 ஸ்டுட்கார்ட்டில் மறுபடியும் வால்ட். அடுத்து சொந்த நாட்டில், பெய்ஜிங்கில் ஒலிம்பிக், இவரைவிட்டால் யார் என்றுதான் எல்லோரும் இருந்தோம். அணித் தங்கமும் கிடைத்தது, சீனப் பெண்களுக்கு முதல் முறையாக. அப்புறம் 2008 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை, வால்ட் இறுதிப் போட்டி. பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த மாமா கிரிக்கெட் வை, கிரிக்கெட் வை என்று நச்சரிக்க, ரிமோட்டை மடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் வால்ட் அபாரம். இரண்டாவதில் இறங்கியவர் முட்டி போட்டு விழுந்துவிட்டார். மாமாகூட வாயை மூடிக்கொண்டார்.

முட்டி போட்டும் வெண்கலம், அதுதான் பெரிய ரகளை. செங்குக்கு 15.562, விழாமல் முடித்த அமெரிக்காவின் அலிசியா சாக்ரமோனுக்கு 15.537. அநியாயம் என்று இப்போதும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, கடினமான வால்ட்டுக்கு அதிக மதிப்பெண் என்றுதானே விதி. அன்றைக்கே ஃப்ளோரிலும் சறுக்கி ஏழாவது இடம், இரண்டு நாள் கழித்து பீமில் (ஒல்லியான கட்டை மேல் செய்வது) ஒரு வெண்கலம். அடுத்த ஒலிம்பிக்கான லண்டனுக்குத் தயாராகும்போது குதிகால் தசைநார் அறுந்தது, அத்தோடு சரி.

ரியோ ஒலிம்பிக்கில் பைல்ஸ், டோக்கியோவில் பிரேசிலின் ரெபெக்கா ஆன்ட்ராடே, பாரிஸில் மறுபடி பைல்ஸ், மூன்று வால்ட் தங்கத்திலும் இந்தச் செங் இருந்தது.

சாப்பிடும்போது இதையெல்லாம் சொன்னேன். "அப்போ அவங்களுக்கு ஒலிம்பிக்ல இதுல தங்கம் இல்லியா?" என்று கேட்டவள், பெய்ஜிங் வீடியோவைத் தேடி எடுத்து, அந்த முட்டி போடும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினாள். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.