தம்பியை ஜிம்மில் சேர்க்க அலைந்த கதை

“இந்தப் பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான் குண்டாக இருப்பார்கள், விட்டுவிடுங்கள்.” டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பது) உள்ள என் தம்பிக்கு 28 வயது. நிறை ஏறிக்கொண்டே போகிறதே என்று காட்டப் போனபோது, ஒரு டொக்டர் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னது இது. இரத்தம் சோதிக்கக்கூட எழுதித் தரவில்லை. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

வேறொரு டொக்டரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, “தைரொயிட் கடைசியாக எப்போது பார்த்தது?” டீ.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்த்தால், தைரொயிட் சுரப்பு நன்றாகக் குறைந்திருந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி வருவது. வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். சோர்வையும் தூக்கத்தையும் “அவன் சுபாவம் அப்படி” என்று வீட்டிலும் சொல்லிவிடுவார்கள், அங்கேதான் ஆபத்து. இரவில் பலமாகக் குறட்டை விட்டால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். மூச்சு தடைப்பட்டுத் தூக்கம் கெடுவதும் இவர்களிடம் அதிகம்.

குளிசை தொடங்கியது, நல்ல சப்பாத்து வாங்கியது எல்லாம் பிரச்சினை இல்லாமல் முடிந்தது. ஜிம்தான் படுத்தியது. கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் ஓரிடத்தில், தம்பியைப் பார்த்ததுமே “இதயத்துக்கு டொக்டர் லெட்டர், கழுத்துக்கு எக்ஸ்ரே” என்றார்கள். சிறு வயதில் இதயத்தில் ஓட்டை அடைக்க ஒப்பரேஷன் செய்தவன் என்பதால் லெட்டர் கேட்டது நியாயம். ஆனால் அதை வாங்கக் கிளினிக்கில் விடியவே போய்க் காத்திருந்து, மத்தியானம் எங்கள் முறை வந்த பிறகுதான் கவுண்டரில் இருந்தவர் பழைய டயக்னோசிஸ் கார்ட் (ஆஸ்பத்திரியில் தரும் நோய், சிகிச்சை விவர அட்டை) இல்லாமல் முடியாது என்றார். காலையில் நம்பர் தரும்போதே சொல்லியிருக்கலாமே! தம்பிக்குப் பசி, அழுகை. அந்த நாள் வீண்.

கார்ட் அம்மாவின் அலுமாரியில், சாதகக் குறிப்புகளோடு ஒரே பையில் கிடந்தது. மடிப்பில் கிழிந்து, மை மங்கி இருந்தாலும் ஒப்பரேஷன் திகதி தெரிந்தது. எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து, லெட்டரும் கிடைத்தது.

எக்ஸ்ரே தேவையில்லை என்று டொக்டரே எழுதித் தந்தார். கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளின் பிணைப்பு இவர்களில் சிலருக்குத் தளர்ந்திருக்கும். கழுத்து வலி, நடை மாறுவது, கை பலவீனம், சிறுநீர் கட்டுப்படாமல் போவது, இதில் ஏதாவது புதிதாக வந்தால் உடனே நிறுத்திவிட்டு டொக்டரிடம் ஓட வேண்டும். எந்த அறிகுறியும் இல்லாதவருக்குச் சும்மா எக்ஸ்ரே எடுப்பதில் பயனில்லை என்றார். குட்டிக்கரணமும் டிராம்போலினும் மட்டும் வேண்டாமாம்.

சேர்த்த பிறகும் ஒரு சண்டை. 220இல் வயதைக் கழித்து உச்ச நாடித்துடிப்பைக் கணக்கிட்டு, தம்பியின் நாடித்துடிப்பு அந்தக் கணக்குக்கு ஏறவில்லை என்று ஜிம் மாஸ்டர் டிரெட்மில் வேகத்தைக் கூட்டினார். தம்பிக்கு முகம் வெளிறியது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் உச்ச நாடித்துடிப்பு மற்றவர்களைவிட 25, 30 அளவுக்குக் குறைவாக இருக்கும். அந்தக் கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது. இதையும் லெட்டரில் எழுதி வாங்குங்கள். இப்போது நாங்கள் பார்ப்பது இதுதான்: கதைக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மாஸ்டரும் ஏற்றுக்கொண்டார். “மல்லி (சிங்களத்தில் தம்பி), இன்றைக்கு எப்படி?” என்று கேட்டுத்தான் தொடங்குவார்.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஜிம் இல்லாத நாட்களில் கடலோர மரைன் டிரைவில் நடை, மழை என்றால் வீட்டில் பைலா பாட்டுப் போட்டு ஆட்டம். பைலா என்றால் அவனை நிறுத்துவதுதான் கஷ்டம்.

பெரிய தொல்லை சொந்தக்காரர்கள். “பாவம் பிள்ளை, சாப்பிடட்டும்” என்று ரோல்ஸும் சோடாவும் நீட்டுவார்கள். நிறை ஏறிக்கொண்டே போகிறது என்று எத்தனை தரம் சொல்வது? இப்போது அவனே “வேண்டாம் மாமி” என்கிறான். பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கிறது.

டயக்னோசிஸ் கார்ட்டை இன்றைக்கே தேடி எடுத்துப் போட்டோக்கொப்பி போட்டு வையுங்கள். ஒரிஜினலை எந்தக் கவுண்டரிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.