பம்ப்பை நிறுத்தும் 20 நிமிடம்

அறுவை அரங்கில் என் இடம் இதய-நுரையீரல் இயந்திரத்தின் பின்னால். வால்வு மாற்றுவது போன்ற வழக்கமான கேஸ்களில் இதயம் நின்றாலும் உடம்பில் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குத்தான் நான் இருக்கிறேன். நுரையீரல் தமனியில் தங்கிவிட்ட பழைய ரத்தக்கட்டியை எடுக்கும் பி.டி.இ. அறுவையிலோ அந்த ஓட்டத்தையும் நிறுத்தியாக வேண்டும்.

காரணம் இருக்கிறது. மாதக்கணக்கில் கிடந்த கட்டி இறுகி, குழாயின் உட்சுவரோடு ஒட்டிப்போயிருக்கும். உறிஞ்சினால் வராது. சர்ஜன் உட்படலத்தோடு சேர்த்துக் கிளை கிளையாக உரிக்க வேண்டும். மூச்சுக்குழல் தமனிகள் வழியே ரத்தம் கசிந்து வந்துகொண்டிருந்தால் அந்தப் படலமே கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் ஓட்டத்தை நிறுத்த வேண்டியிருக்கிறது; அந்த நேரம் ரத்தம் இல்லாமல் மூளை தாங்குவதற்காக முதலில் உடம்பை 20 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்விக்கிறோம். தலையைச் சுற்றி ஐஸ். அவசரப்படவும் கூடாது. ரத்தத்துக்கும் உடம்புக்கும் வெப்ப வித்தியாசம் 10 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வேன். அப்புறம் பம்ப்பை நிறுத்துவேன். ஒரு தடவைக்கு 20 நிமிடம்தான். நேரத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பேன். வலது பக்கம் முடிந்ததும் ரத்தத்தை ஓடவிட்டு, ஆக்சிஜன் அளவு தேறியதும், இடது பக்கத்துக்காக மறுபடி நிறுத்தம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ மருத்துவமனையில் பல ஆண்டுகள் செய்து செய்து வகுத்த முறை இது. வெளியே வரும் கட்டி, மண்ணிலிருந்து முழுசாகப் பிடுங்கிய வேர்போல இருக்கும்.

என் மனசு கனப்பது நோயாளிகள் வந்து சேரும் தாமதத்தை நினைத்துத்தான். மூச்சிரைப்பு என்று போனால் ஆஸ்துமா என்று இன்ஹேலர். எக்கோவில் நுரையீரல் அழுத்தம் கூடுதல் என்று வந்த பிறகும், நுரையீரலில் காற்றும் ரத்தமும் எங்கே போகின்றன என்று காட்டும் வி.க்யூ. ஸ்கேனை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை 3 மாதம் எடுத்தும் மூச்சுத் திணறல் விடவில்லை என்றால் அந்த ஸ்கேனைக் கேட்டு வாங்குங்கள்.

கட்டி நுண்கிளைகளில் மட்டும் இருந்தால் குழாயை உள்ளிருந்து விரிக்கும் பலூன் சிகிச்சையும், நுரையீரல் அழுத்தத்தைக் குறைக்கும் ரியோசிகுவாட் மாத்திரையும் உண்டு. பெரிய கிளைகளில் இருந்தால் அறுவைதான் முதல் வழி. அதையும் தள்ளிப்போட்டால் கட்டியில்லாத சிறு குழாய்களும் கெட்டுவிடுகின்றன. அப்படி வருபவர்களுக்குக் கட்டியை முழுக்க எடுத்தும் அழுத்தம் சரியாக இறங்குவதில்லை. இயந்திரத்திலிருந்து விடுவிக்கும்போது இதயத்தின் வலது பக்கம் திணறுவதை நான் நேரில் பார்க்கிறேன்.