நமக்கு ஒன்றும் ஆகாது, சரி. ஆயாவுக்கு?

கடலூர் சில்வர் பீச்சில் சாயங்காலம் கூடும் நம்ம பசங்களிடம் கொரோனாவைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான்: "எங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே." ஆகாமலே போகலாம். எனக்குக் கவலை அவர்கள் வீட்டுப் பெரியவர்களைப் பற்றி.

கொரோனாவின் வம்பே இதுதான்: காய்ச்சல், இருமல் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அடுத்தவருக்குத் தொற்ற ஆரம்பித்துவிடும். சிலருக்குக் கடைசிவரை எந்த அறிகுறியும் இருக்காது. அதனால் "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்பதற்கு அர்த்தமே இல்லை. 2020 மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து ஊர் திரும்பியவர்கள் வழியாகக் கடலூர் மாவட்டத்தில் எண்ணிக்கை எகிறியதை மறந்துவிட்டோமா? அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மூட்டை தூக்கப் போனவர்கள், மார்க்கெட்டை மூடினால் வீட்டுக்குத்தானே வருவார்கள்? நாம் சுற்றுவது பிரியாணிக்கும் பைக் ரவுண்டுக்கும். (பாண்டிக்கு எதற்குப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.)

தனி அறையில் இருங்கள் என்று டிவியில் சுலபமாகச் சொன்னார்கள். நம் தெருவில் பல வீடுகளில் ஆயாவும் பேரனும் ஒரே கூடத்தில்தான் படுக்கிறார்கள். ஆகவே வெளியிலேயே கவனமாக இருந்தால்தான் உண்டு. மாஸ்க்கைத் தாடைக்கு இறக்காதீர்கள். ஏசி ரூமைப் பூட்டிக்கொண்டு கேக் வெட்டுவதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள்.

அப்புறம், 2021 ஏப்ரல் 1 முதலே 45 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் தடுப்பூசி போட ஆரம்பித்துவிட்டார்கள். மகன் சொன்னால் கேட்காத ஆயா, பேரன் சொன்னால் கிளம்பிவிடுவார். ஆதார் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பைக் இருப்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், துணைக்கு ஆளில்லாத பெரியவர்களையும் கூட்டிப் போகலாம்.