கூட வந்தது யாரு?

ஜி.எச்.சில் ஓ.பி. சீட்டுக்குக் காசில்லை. மருந்துக்கும் இல்லை, படுக்கைக்கும் இல்லை. அப்படியிருந்தும் சேலம் பழைய பஸ் ஸ்டாண்டிலும், ஜங்ஷன் வாசலிலும், லீ பஜார் கடைத் திண்ணைகளிலும் படுத்திருப்பவர்களில் பலர் காலில் புண் அழுகும்வரை ஆஸ்பத்திரிப் பக்கம் போவதில்லை. பயம், விவரமின்மை என்று நாம் காரணம் சொல்லிக்கொள்கிறோம். அவர்களில் நிறையப் பேர் ஒருமுறை போய்த் திரும்பியவர்கள். அங்கே முதலில் கேட்ட கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை: "கூட வந்தது யாரு?"

கேட்பவர் மனதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. நம்மூர் அரசு ஆஸ்பத்திரி வார்டுகளில் பாதி வேலை நோயாளியின் சொந்தக்காரர் தலையில்தான் ஓடுகிறது. ரத்தம் எடுத்த குழாயை லேபுக்குக் கொண்டுபோவது, எக்ஸ்ரேவுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, ரிப்போர்ட் வாங்கி வருவது, ஒன்றுக்கு ரெண்டுக்கு எடுத்துவைப்பது, குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்தால் சிஸ்டரைக் கூப்பிடுவது எல்லாம் கூட இருப்பவர் வேலை. ஆள் இல்லாத நோயாளிக்கு இத்தனையும் நின்றுபோகும். யாரும் அவருக்கு வைத்தியத்தை மறுக்கக்கூட வேண்டியதில்லை; லேபுக்குப் போகாத ரத்தமே போதும், மூன்று நாள் வீணாகும். வீடில்லாதவர் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நினைப்பவர்கள் முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் கொடுக்கப்போவது பணமல்ல. அந்தக் கூட இருக்கும் ஆளின் இடத்தை நிரப்பப் போகிறீர்கள், அவ்வளவுதான்.

தெருவிலிருந்தே தொடங்கலாம். ஒருவர் பேச்சுக் குழறி, எழ முடியாமல் கிடந்தால் "குடிச்சுட்டுக் கிடக்கிறான்" என்பதுதான் எல்லோரும் சொல்வது. சாராய வாடையும் அடிக்கலாம். ஆனால் ரத்தச் சர்க்கரை ரொம்பவும் இறங்கிப்போனவரும், பக்கவாதம் வந்தவரும், இரவில் தலையில் அடிபட்டவரும் பார்க்க அப்படியேதான் இருப்பார்கள். குடித்தவருக்கே இந்த மூன்றும் வரும் என்பது அதைவிட மோசம். 108-ஐ அழைக்கும்போது "குடித்திருக்கிறார்" என்று ஆரம்பிக்காதீர்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: கூப்பிட்டால் பதில் வருகிறதா, மூச்சு எப்படி இருக்கிறது, ஒரு பக்கக் கைகால் தொய்ந்திருக்கிறதா, காதிலோ மூக்கிலோ ரத்தம் வருகிறதா, வாந்தி எடுத்தாரா, ஒரு கண்மணி மட்டும் பெரிதாக இருக்கிறதா. கேசுவாலிட்டியில் முதலில் கேட்க வேண்டியது சர்க்கரை அளவு. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், ஒரு நிமிட வேலை. மயக்கத்தில் இருப்பவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். விழித்திருந்து விழுங்க முடிந்தால் மட்டும் கொடுங்கள்.

அட்டை இல்லை, ஆதார் இல்லை என்பதற்காக அவசர சிகிச்சையை மறுக்க முடியாது. போலீஸ், சட்ட நடைமுறை எதற்கும் காத்திருக்காமல் உயிரைக் காப்பதே மருத்துவரின் முதல் கடமை என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1996-ல் மேற்கு வங்க வழக்கொன்றில் இன்னும் தெளிவாகச் சொன்னது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயக் கூலியைப் படுக்கை இல்லை என்று அரசு மருத்துவமனைகள் வரிசையாகத் திருப்பி அனுப்பின. அது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறியது என்று தீர்ப்பளித்து, 25,000 ரூபாய் இழப்பீடும் கொடுக்க வைத்தது. சாலை விபத்தென்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு வருமானமும் பார்ப்பதில்லை, எந்த மாநிலத்தவர் என்றும் பார்ப்பதில்லை. கொண்டலாம்பட்டி பைபாஸ் ஓரம் படுத்திருந்து வண்டியில் அடிபட்ட வடநாட்டுத் தொழிலாளிக்கும் இது பொருந்தும்.

சேர்க்கும்போது கையெழுத்துக் கேட்டால் உறவினர் என்று போடாதீர்கள். 'கொண்டுவந்து சேர்த்தவர்' என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் "அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 55" என்று பதிவாகும், ஆஸ்பத்திரி புறக்காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். அது வழக்கமான நடைமுறைதான், பயப்பட ஒன்றுமில்லை.

உடம்பில் நாற்றம் என்று வரிசையில் ஒதுக்குவதும், "குளிப்பாட்டிக் கூட்டி வாங்க" என்று அனுப்புவதும் நடக்கிறது. அவசரமென்றால் குளியலுக்காக ஒரு நிமிடம் தள்ளிப்போட வேண்டாம், கேசுவாலிட்டிக்கே போங்கள். ஓ.பி. என்றால், சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, குளித்து மாற்றுச் சட்டை போட்டவரிடம்தான் ஸ்டெதாஸ்கோப் நெருங்கி வருகிறது. முந்தின நாள் கட்டணக் குளியலறைக்குக் கூட்டிப்போய், ஒரு லுங்கி சட்டை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அவர் சம்மதிக்காமல் முடியை மட்டும் வெட்டாதீர்கள். உதவி என்ற பெயரில் மொட்டை போடப்பட்டவர் அடுத்த முறை உங்களைக் கண்டாலே ஓடுவார். புழு வைத்த புண்ணில் பினாயிலோ மண்ணெண்ணெயோ ஊற்றுவது இன்னும் நடக்கிறது. அது சதையைச் சுட்டுவிடும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒன்றரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் மூடிக் கூட்டிப்போங்கள். புழு எடுக்கும் வேலையை டிரஸ்ஸிங் அறையில் பார்த்துக்கொள்வார்கள்.

இப்போது வார்டு. ஆளில்லாத கேஸ் ஷீட்டில் அடிக்கடி ஒரு வரி வரும்: சொல்லாமல் போய்விட்டார். மூன்றாம் நாள், நான்காம் நாளில்தான் பெரும்பாலும் வரும், அதற்குக் காரணம் இருக்கிறது. தினமும் குடித்தவர் வார்டில் சேர்ந்ததும் குடி நின்றுபோகிறது. 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு வலிப்பு வரும். 48 முதல் 72 மணி நேரத்தில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத ஆட்கள் தெரிவார்கள், பூச்சி ஊர்வது போலிருக்கும். ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இறங்கி ஓடுவார். வார்டுக்கு அது அடங்காதவனின் கலாட்டா. உண்மையில் உயிரைப் பறிக்கக்கூடிய நோய் அது. மாத்திரையால் தடுக்கக்கூடியதும்கூட. டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்: எவ்வளவு நாளாகக் குடிக்கிறார், கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு வலிப்பு வந்ததுண்டா. "குடிப்பார்னு சொன்னா சரியா பார்க்க மாட்டாங்க" என்று மறைத்தால்தான் மூன்றாம் நாள் படுக்கை காலியாகிறது. சாப்பிடாமல் குடித்தவர்களுக்கு தயமின் (வைட்டமின் பி1) சத்து குறைந்திருக்கும். குளுக்கோஸ் ஏற்றுவதோடு அந்த ஊசியும் போட வேண்டும் என்பதையும் நினைவூட்டலாம்.

வார்டில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க உங்களால் முடியாது, தேவையும் இல்லை. காலை ரவுண்ட்ஸ் நேரத்தில் ஒரு மணி நேரம், மாலையில் அரை மணி நேரம் போதும். ரவுண்ட்ஸில் எழுதின பரிசோதனை நடந்ததா என்று மாலையில் பாருங்கள். தட்டு, டம்ளர், போர்வை, சோப்பு, இரண்டு லுங்கி வாங்கி வைத்துவிடுங்கள். தட்டு இல்லாததால் ஆஸ்பத்திரிச் சாப்பாடே வாங்காமல் கிடப்பவர்கள் உண்டு. பக்கத்துப் படுக்கைக்காரர் வீட்டு அம்மாவிடம் "கொஞ்சம் பார்த்துக்கோங்க அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால், அதுவே பாதி பாரத்தைக் குறைக்கும். வார்டில் சிக்கல் என்றால் சத்தம் போடாமல் ஆர்.எம்.ஓ. (உறைவிட மருத்துவ அதிகாரி) அறைக்குப் போய் எழுத்தில் கொடுங்கள்.

மனநலம் பாதித்துத் தெருவில் திரிபவர் என்றால் வழி வேறு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவுப்படி அவரைப் பொறுப்பேற்று, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டியது போலீசின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. குடும்பத்தைத் தேட, காணாமல் போனவர் என்று எப்.ஐ.ஆர். போட வேண்டும். வீடற்றவருக்கு வறுமைக்கோட்டு அட்டை இல்லாவிட்டாலும் மனநல சிகிச்சை இலவசம் என்று அதே சட்டத்தின் 18-வது பிரிவு சொல்கிறது. ஸ்டேஷனில் "இது எங்க வேலையில்லைங்க" என்றால் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள், பேச்சு மாறும்.

டிஸ்சார்ஜ்தான் எல்லாவற்றிலும் சிக்கலான இடம். மருந்துச் சீட்டு வீடுள்ளவருக்காக எழுதப்படுகிறது. 1-0-1 என்றால் காலையும் இரவும் சாப்பாட்டோடு ஒன்று. பஸ் ஸ்டாண்டில் இருப்பவருக்கு அம்மா உணவகத்தில் காலை ஒரு ரூபாய் இட்லி உண்டு, மதியம் சாம்பார் சாதமோ கோயில் அன்னதானமோ உண்டு. இரவு யாராவது கொடுத்தால்தான். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரையை வெறும் வயிற்றில் இரவில் போட்டுப் படுத்தவர் விடியற்காலை சர்க்கரை இறங்கிக் குழறிக் கிடப்பார். பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்று மேலேயே எழுதியாகிவிட்டது. அதனால் டாக்டரிடம் இந்த வாக்கியத்தைச் சொல்லுங்கள்: "இவருக்கு வீடு இல்லைங்க, ராத்திரி சாப்பாடு நிச்சயமில்லை." மருந்தும் நேரமும் மாறும்.

இன்சுலின் இன்னும் கஷ்டம். மில்லிக்கு 40 யூனிட் என்று போட்ட குப்பியில் 10 மில்லி, அதாவது 400 யூனிட் இருக்கும். ஊசியும் 40 யூனிட் ஊசியாகத்தான் இருக்க வேண்டும், மாறினால் அளவு தப்பும். திறந்த குப்பி சுமார் 4 வாரம் அறை வெப்பத்தில் தாங்கும், ஆனால் அது 30 டிகிரிக்குள். சேலத்துச் சித்திரை வெயிலில் பைக்குள் வைத்தால் வீரியம் போய்விடும். மண்பானைக்குள் ஈர மணல் போட்டு வைக்கும் உபாயம் வீட்டுக்குச் சரி. நடைபாதையில் பானைக்கு ஏது இடம்? பக்கத்து மெடிக்கல் ஷாப் பிரிட்ஜில் பெயர் ஒட்டி வைத்துக்கொள்ளக் கேளுங்கள், இல்லையென்றால் மாநகராட்சிக் காப்பகத்தில். மாத்திரைகளை 30 நாளுக்கு மொத்தமாகக் கையில் கொடுக்காமல் வாரத்துக்கு வாரம் கொடுங்கள். மழை, திருட்டு, விடியற்காலைக் குப்பை வண்டி மூன்றிலும் மூட்டை போய்விடும். டிஸ்சார்ஜ் சீட்டை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள், போனில் படமும் இருக்கட்டும்.

காப்பகத்தைப் பற்றி: நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டம் வகுத்த அளவு 1 லட்சம் மக்களுக்கு 100 பேர் தங்கும் ஒரு காப்பகம், ஆளுக்கு 50 சதுர அடி. 2011 கணக்கெடுப்பிலேயே சேலம் மாநகராட்சியில் 8 லட்சத்துக்கும் மேல் மக்கள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். தானாக எழுந்து கழிப்பறை போக முடியாதவரைக் காப்பகங்கள் ஏற்பது அரிது. எனவே சேர்த்த அன்றைக்கே காப்பகத்தில் பேசுங்கள், நடக்கத் தொடங்கும்வரை டிஸ்சார்ஜைத் தள்ளிவைக்கக் கேளுங்கள்.

காசநோய்க்கு 6 மாத மருந்து. எடைக்கேற்ப எண்ணிக்கை மாறும்: 35 முதல் 49 கிலோ வரை தினம் 3 மாத்திரை, 50 முதல் 64 வரை 4. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று நிறுத்திவிடுவார். சத்துணவுக்கான உதவி 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய், ஆனால் வங்கிக் கணக்கில்தான் விழும். கணக்குக்கு ஆதார் வேண்டும். ஆதார் சட்டத்தின் 5-வது பிரிவே நிலையான வீடில்லாதவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்யச் சொல்கிறது. அங்கீகரிக்கப்பட்ட காப்பகப் பொறுப்பாளரோ, கவுன்சிலரோ, எம்.எல்.ஏ.வோ உரிய படிவத்தில் தரும் சான்று முகவரிக்குப் போதும். அது 3 மாதமே செல்லும், வாங்கின வாரத்திலேயே பதிவு செய்யுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய், குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. கம்பி, பிளேட் வைக்கும் எலும்பு ஆபரேஷனுக்கு இந்த அட்டை இருந்தால் காத்திருப்பு குறையும்.

வீடிருந்தும் ஆஸ்பத்திரிக்கு வராதவர்களும் உண்டு. ஏற்காட்டு மலைக்காரர்களுக்கு அட்டை இருக்கிறது, வீடு இருக்கிறது. அவர்களுக்கு இல்லாதது நாள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, வரிசையில் நின்று ஏறினால் ஒரு கூலி போகும், கூட வருபவரின் கூலியும் போகும். காப்பி எடுக்கும் பருவத்தில் இருமலை யாரும் காட்டமாட்டார்கள். அவர்களை வரச்சொல்பவர்கள் எல்லாப் பரிசோதனையையும் ஒரே நாளில் முடிக்க முன்கூட்டியே பேசி வைப்பதுதான் பெரிய உதவி.

கடைசியாக ஒரு துண்டுச் சீட்டு. தபால் அட்டை அளவு, பால்பாயின்ட் பேனா, மேலே ஒரு பிளாஸ்டிக் உறை, கழுத்துக் கயிற்றிலோ அரைஞாணிலோ. பெயர், அவர் சொல்கிறபடி. படுக்கும் இடம். பேசும் மொழி. சர்க்கரை, வலிப்பு, ஒவ்வாத மருந்து. ஓ.பி. எண். கேட்டுச் சம்மதம் வாங்கின டீக்கடைக்காரரின் போன் நம்பர். இரவு 2 மணிக்கு 108 அவரைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "கூட வந்தது யாரு?" என்பதற்கு அந்தச் சீட்டிலிருந்து ஒரு நம்பரையாவது அழைத்துப் பார்க்க முடியும்.