வருமான வரிக்குப் பதில் சுங்கமா? மண்டபம் கரையிலிருந்து ஒரு கணக்கு

வருமான வரியை எடுத்துவிட்டு, இறக்குமதிச் சுங்கத்தை வைத்தே அரசாங்கத்தை ஓட்டலாம் என்ற பேச்சை அமெரிக்காவில் டிரம்ப் கிளப்பிவிட்டார். சம்பளத்தில் டிடிஎஸ் பிடிபடுகிறவர்களுக்கு இங்கேயும் அது இனிக்கிறது. ஆனால் கணக்கு இடிக்கிறது. நம் ராமநாதபுரம் போன்ற கடற்கரை மாவட்டத்துக்கோ அது நேரடிக் கெடுதல்.

19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மத்திய அரசு பெரும்பாலும் சுங்கத்தில்தான் ஓடியது, உண்மை. அன்றைக்கு அரசின் செலவு சொற்பம். 1913-ல் 16-ஆவது சட்டத் திருத்தம் வந்தபிறகே வருமான வரி நிலைத்தது. 2024 நிதியாண்டில் அங்கே தனிநபர் வருமான வரி வசூல் சுமார் 2.4 லட்சம் கோடி டாலர். சுங்கம் சுமார் 7,700 கோடி டாலர். அந்த ஆண்டின் சரக்கு இறக்குமதி 3.3 லட்சம் கோடி டாலர் அளவில். ஒரு கன்டெய்னர்கூடக் குறையாது என்று வைத்தாலும் சராசரி வரி 70 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். அந்த விலையில் சரக்கு குறையாமல் இருக்காது.

நம் கணக்கு இது. 2025-26 மத்திய பட்ஜெட் மதிப்பீட்டில் வருமான வரி 14.38 லட்சம் கோடி ரூபாய், சுங்கம் 2.40 லட்சம் கோடி. முந்தைய ஆண்டின் சரக்கு இறக்குமதி சுமார் 61 லட்சம் கோடி. அதாவது அந்தக் கணக்கில் சராசரிச் சுங்கம் 4 சதவீதம்கூட இல்லை. இரண்டையும் சுங்கத்திலேயே எடுக்க 27.5 சதவீதம் வேண்டும். கச்சா எண்ணெய், பெட்ரோலியப் பொருள்களை விட்டுவிட்டால் மிஞ்சும் 45 லட்சம் கோடிக்கு 37 சதவீதம். அதிலும் கால்வாசி இறக்குமதி நின்றுபோனால் 50-ஐ நெருங்கும். விகிதத்தை ஏற்ற ஏற்ற வசூலிக்கும் அடித்தளம் சுருங்குகிறது. 

அடுத்தது கடத்தல். இதற்கு நம் கரையைவிட நல்ல சாட்சி இல்லை. 2022 ஜூலையில் தங்கத்துக்கான சுங்கம் 15 சதவீதமானது. கிலோ 70 லட்சம் என்று வையுங்கள்: வரி மட்டும் 10.5 லட்சம், அதற்குமேல் 3 சதவீத ஜிஎஸ்டி. இலங்கைப் பக்கமிருந்து சில மணி நேரப் படகு ஓட்டத்துக்கு ஒரு கிலோவில் கிடைக்கும் மிச்சம் இது. 2023-ல் மண்டபம் பக்கம் கடலோரக் காவல் படையும் வருவாய்ப் புலனாய்வுத் துறையும் சேர்ந்து பிடித்தது சுமார் 32 கிலோ; அதில் ஒரு பகுதி படகிலிருந்து கடலில் வீசப்பட்டு, முக்குளிப்பவர்கள் இறங்கி எடுத்தது. 2024 ஜூலையில் சுங்கம் 6 சதவீதமாகக் குறைந்ததும் அதே கிலோவில் வரி 4.2 லட்சமாகிவிட்டது. படகு, ஆள், பிடிபடும் ஆபத்து எல்லாம் கழித்தால் தொழில் முன்போல் கட்டாது. சராசரியே 37 என்றால், தங்கம் மட்டுமல்ல, கைபேசியும் பாக்கு மூட்டையும் கடல் வழி வரும். ரோந்துக்கு ஆகும் செலவை அந்த வசூலிலிருந்தே கொடுக்க வேண்டும். ராத்திரி கடலில் நிற்கும் நாட்டுப்படகுக்காரனுக்குச் சோதனை இரட்டிப்பாகும்.

யார் கட்டுகிறார்கள் என்பதுதான் என்னை உறுத்துவது. புதிய வருமான வரி முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை வரி இல்லை. பாம்பன், தொண்டியில் கூலிக்குப் படகேறுகிறவர் இன்று வருமான வரி கட்டுவதில்லை. சுங்கம் அப்படி ஆள் பார்க்காது. விசைப்படகில் மீன் விற்ற பணத்தில் முதலில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். மிச்சத்தில்தான் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் பங்கு. கச்சா எண்ணெய்க்கும் சுங்கம் போட்டால் அந்தக் கழிப்பு பெருகும், பங்கு சுருங்கும். மீனவர் டீசலுக்கு மாநிலம் தரும் விலக்கு மாநில விற்பனை வரிக்கு மட்டும்; சுங்கத்துக்கு அது உதவாது.

வாங்கும் நாடு சுங்கத்தை ஏற்றினால் நம் ஏற்றுமதியும் தப்பாது. கடலில் பிடித்த நம் இறாலை வலையில் சிக்கும் ஆமை தப்பிக்க வழிவிடும் ஆமை விலக்கு சாதனம் இல்லாத காரணத்தால் 2019-லிருந்தே அமெரிக்கா வாங்குவதில்லை. பண்ணையில் வளர்க்கும் வனாமி இறால்தான் போகிறது. 2025 ஆகஸ்ட் இறுதியில் அதன்மேல் 50 சதவீத வரி விழுந்தது, மலிவு விலையில் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்க ஏற்கெனவே இருந்த பொருள்குவிப்புத் தடுப்பு வரி தனி. அங்கே சுங்கம் கட்டுவது அந்நாட்டு இறக்குமதியாளர். ஆனால் அடுத்த லோடுக்கு அவர் விலையைக் குறைத்துக் கேட்பார். அந்தக் குறைப்பு பண்ணைக்காரருக்குக் கிடைக்கும் விலை வரை இறங்கும்.

பாமாயிலைப் பாருங்கள். 2024 செப்டம்பரில் கச்சா பாமாயிலின் சுங்கத்தை 5.5-லிருந்து 27.5 சதவீதமாக ஏற்றினார்கள். சமையல் எண்ணெய் விலை ஏறியது; 2025 மே இறுதியில் 16.5-ஆக இறக்க வேண்டியதாயிற்று. எட்டே மாதத்தில் குறைக்க வேண்டிவந்த இப்படி ஒரு வரியை நம்பி யாரும் சம்பளமும் ஓய்வூதியமும் எழுத முடியாது.