வைரம் பாய்ந்த மரங்களின் ஊரில்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸிலிருந்து விடிகாலை 5 மணிக்கு நானும் மகளும் காரில் கிளம்பினோம். பேசன் ஊரை நோக்கிப் போகும் வழியில் இருபுறமும் ஆள் உயரத்தைத் தாண்டிய கள்ளிகள். மலை ஏறியதும் பைன் காடு. அதுவும் முடிந்தபின் ஹோல்புரூக் வரை கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் புல்தரை. பேருக்கு ஒரு மரம்கூட இல்லாத அந்த நிலத்தில்தான் மரங்கள் கல்லாகிக் கிடக்கும், உலகத்தின் பெயர்பெற்ற கல்மரக் காடு இருக்கிறது. 1906இல் தேசிய நினைவுச் சின்னமாகவும் 1962இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம்.

வீட்டில் என்னிடம் கற்களைச் சாணைத்தூளோடும் நீரோடும் சுற்றவிட்டு மெருகேற்றும் சிறிய உருளை எந்திரம் ஒன்று உண்டு. மூன்று பவுண்டு கல் பிடிக்கும். அதில் முதன்முறை கல்மரத் துண்டுகளைப் போட்டு ஒரு மாதம் சுற்றவிட்டேன். பளபளப்புக்குப் பதில் மங்கலும் கீறலுமாக வந்தன. எந்தத் துண்டு உருளைக்கு ஆகும், எது ஆகாது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இனிக் கல் வாங்குவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். அந்தப் பாடத்துக்காகத்தான் இந்தப் பயணம்.

தெற்கு வாயிலுக்கு அருகே உள்ள ‘ஜயன்ட் லாக்ஸ்’ பாதையில் முதலில் நடந்தோம். பாதையின் மேட்டில் ‘ஓல்ட் ஃபெய்த்ஃபுல்’ என்ற பெருமரம் கிடக்கிறது. 35 அடி நீளம், 44 டன் எடை. அடிமரத்தின் அகலம் ஏறக்குறைய 10 அடி. அதன் பக்கத்தில் நின்ற மகள், “அப்பா, இதைத் தொட்டால் குளிர்கிறது” என்றாள். மரம் அப்படிக் குளிராது, கல்தான் குளிரும். 21 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, வண்டலிலும் எரிமலைச் சாம்பலிலும் புதையுண்ட மரங்கள் இவை. காற்றுப் படாததால் மட்கவில்லை. சாம்பலிலிருந்து நிலத்தடி நீர் கரைத்துக் கொண்டுவந்த சிலிக்கா என்ற கனிமப்பொருள், மரத்துக்குள் ஊறி, படிந்து, குவார்ட்ஸ் என்னும் படிகக் கல்லாக இறுகிவிட்டது. நம் ஊரில் முற்றிய கட்டையை வைரம் பாய்ந்த மரம் என்போம். இங்கே அந்தச் சொல்லுக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது. ஒரு கன அடி 72 முதல் 90 கிலோ வரை கனக்கும்.

பல மரங்கள் ரம்பத்தால் அறுத்து அடுக்கியதுபோலத் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. யாரும் அறுக்கவில்லை. குவார்ட்ஸ் கடினமானது என்றாலும் நொறுங்கும் தன்மை உடையது. நிலம் மேலெழும்பியபோது ஏற்பட்ட அழுத்தத்தில் அது அப்படி நேராக உடைந்துபோயிற்று. உடைந்த முகங்களில்தான் நிறம் முழுவதும் தெரிகிறது. சிவப்பும் மஞ்சளும் காவியும் இரும்பு தந்தவை, கருமை மாங்கனீசும் கரிமமும் தந்தவை. பட்டையும் கணுவும் வெளியில் அச்சாக இருந்தாலும், உள்முகத்தில் மரத்தின் வளையங்களைத் தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. குவார்ட்ஸ் வளர வளர உயிரணு அமைப்பு அழிந்து, வண்ணக் குழம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் சிறுவயதில் பார்த்த கல்மரங்கள் அப்படியல்ல. அங்கே விறகுக் கட்டையின் மண்நிறமும் வளையங்களும் அப்படியே இருந்தன. வயதிலும் அவை இளையவை, ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகள். திருவக்கரையில் பார்த்தவுடன் மரம் என்று தெரியும். அரிசோனாவில் பார்த்தவுடன் ரத்தினம் என்று தோன்றுகிறது.

இந்தக் காட்டிலிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. எடுத்துச் சென்றவர்கள் மனம் கேளாமல் திருப்பி அனுப்பிய கற்களோடு வந்த கடிதங்களை ரெயின்போ ஃபாரஸ்ட் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். நின்று படித்தேன். திரும்பி வரும் கற்களைக் காட்டில் போட முடியாது, ஏனெனில் எந்த இடத்திலிருந்து எடுத்தது என்ற விவரம் போய்விட்டது. அதனால் தனியாக ஒரு குவியலாகக் கொட்டி வைக்கிறார்கள். இன்னொரு செய்தி என்னை அதிகம் வருத்தியது. 1890களில் இந்த மரங்களை இடித்துச் சாணைத்தூள் செய்வதற்கென்றே பக்கத்தில் ஓர் ஆலை கட்டினார்கள். காடு காக்கப்பட வேண்டும் என்ற குரல் வலுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். சாணைத்தூள் வாங்கி வீட்டில் வைத்திருப்பவன் என்ற முறையில் அந்த வரியைக் கடந்து போவது எனக்கு எளிதாக இல்லை.

பூங்காவுக்கு வெளியே, பொதுநிலங்களில், சொந்த உபயோகத்துக்காக ஒருவர் நாளொன்றுக்கு 25 பவுண்டும் கூடுதலாக ஒரு துண்டும், ஆண்டுக்கு 250 பவுண்டு வரையும் பொறுக்கலாம், விற்கக் கூடாது என்பது அமெரிக்க மத்திய அரசின் விதி. ஹோல்புரூக் கடைகளில் விற்பது தனியார் நிலத்துக் கற்கள். பூங்காவை முடித்துவிட்டுக் கடைக்குப் போவதே நல்லது. காரில் கல் இருக்கும்போது பூங்காவுக்குள் நுழைந்தால் வீண் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

நாங்கள் நுழைந்த கடையில் முதியவர் ஒருவர் மரத்தட்டுகளில் கற்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன வேண்டும் என்று சொன்னதும் ஒரு தட்டை இழுத்து, “முதலில் இது மரமா என்று பாருங்கள், பிறகு வாங்கலாம்” என்றார். கோடுகள் ஓடிய ஒரு துண்டை எடுத்தேன். அவர் தலையை அசைத்தார். அது வரிகள் கொண்ட ஜாஸ்பர் என்ற வேறு கல். வரிக்கல்லை எந்தப் பக்கம் திருப்பினாலும் அடுக்கடுக்கான வரிதான். மரம் அப்படி இருக்காது. நீளவாக்கில் நார் ஓடும், குறுக்கு முகத்தில் வளையமோ நுண்துளைகளோ தெரியும், வெளிப்புறத்தில் பட்டையின் சுருக்கம் இருக்கும். மூன்று முகமும் மூன்று விதம். குறுக்கு முகத்தை நனைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துக் காட்டினார். தேன்கூட்டைச் சுருக்கியதுபோல் வரிசையாக அறைகள். மகள் லென்ஸைத் திருப்பித் தரவே இல்லை.

மரம் என்று தெரிந்தபின் இரண்டாவது கேள்வி, உருளைக்கு ஆகுமா என்பது. பேனாக்கத்தி முனையால் அழுத்திக் கீறினால் நல்ல குவார்ட்ஸில் கல் கீறாது, கத்தியின் இரும்புதான் சாம்பல்கோடாகப் படியும். கீறல் விழுந்தால் அதில் சுண்ணாம்புக் கனிமமோ, குவார்ட்ஸாக இறுகாத ஓபல் என்ற சிலிக்காவோ இருக்கிறது. வினிகர் விட்டால் நுரைப்பது சுண்ணாம்பு. அடுத்தது உடைந்த முகம். மெழுகு பூசினாற்போல் வழவழப்பாக, சிப்பியின் உட்புறம்போல வளைந்து உடைந்திருந்தால் எடுக்கலாம். சிராய் சிராயாக, சுண்ணாம்புக்கட்டிபோல் மாவு உதிர்ந்தால் தொடவே வேண்டாம். கடைசியாக நீர். கல்லை நனைத்துத் துடைத்து வைத்தால் மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்துவிடும், விரிசலில் தேங்கிய ஈரம் மட்டும் கருங்கோடாக நிற்கும். அந்தக் கோடு தெரிந்தால் அந்தக் கல் உருளைக்குள் உடையும், அதன் கூர்முனை மற்ற கற்களையும் கெடுக்கும். நனைத்தவுடன் நீரை உறிஞ்சிக்கொள்ளும் கல்லும் ஆகாது.

என் முதல் முயற்சி கெட்டது இங்கேதான் என்று அப்போது புரிந்தது. நான் வளையமும் நாரும் பட்டையும் தெளிவாகத் தெரிந்த துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தேன். அவற்றின் நார் இடுக்குகளில் முதல் வாரத்துச் சொரசொரப்பான தூள் தங்கி, கடைசி வாரம் மெருகுத்தூளோடு சேர்ந்து சுற்றி எல்லாவற்றையும் கீறியிருக்கிறது. மரம் என்று நம்மை நம்பவைக்கும் அடையாளங்கள்தான் மெருகுக்குப் பகை. மெருகேறும் கல்லோ, மரமாக இருந்ததைப் பெரும்பாலும் மறந்துவிட்ட கல். இதைச் சொன்னதும் முதியவர் இரண்டு தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “இது அலமாரிக்கு, அது உருளைக்கு” என்றார்.

உருளைக்கென்று நெல்லிக்காய் அளவிலும் அதைவிடச் சிறியதாகவும் கலந்து எடுத்தோம். வீடு வந்ததும் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, இடையில் பீங்கான் உருண்டைகள் சேர்த்து, முதலில் 60/90 சிலிக்கான் கார்பைடு தூளில் ஓடவிட்டேன். விளிம்பு மழுங்கும் வரை அவசரப்படவில்லை, அதற்கே இரண்டு வாரம் ஆயிற்று. பிறகு 120/220, 500 (எண் கூடக் கூடத் தூள் நுண்மையாகும்), இறுதியில் மெருகுக்கு அலுமினியம் ஆக்சைடு. ஒவ்வொரு முறையும் கல்லையும் உருளையையும் பல் துலக்கும் பிரஷ் கொண்டு தேய்த்துக் கழுவினேன். கழுவிய சேற்றைத் தொட்டியில் ஊற்றாமல் வாளியில் எடுத்து வெளியே கொட்டினேன், குழாய்க்குள் போனால் சிமெண்ட்போல் இறுகிவிடும்.

ஐந்து வாரம் கழித்து மூடியைத் திறந்தபோது செம்பவளமும் தேன்நிறமும் கருநீலமுமாக ஒரு கைப்பிடி கற்கள், ஈரம் காய்ந்த பின்னும் ஈரமாகவே தெரிந்தன. மகள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றில் மட்டும் ஓரத்தில் மெல்லிய நார் இரண்டு மூன்று ஓடியது. அதை எடுத்துத் தனியே வைத்துக்கொண்டாள். மெருகேற்றாத, பட்டையோடு கூடிய துண்டு ஒன்று அவள் மேசையில் முன்பே இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து, “அப்பா, இது முன்னாடி, இது பின்னாடி” என்றாள்.